போகலாமா, போகணுமா

ஸ்டேஷனிலிருந்து போன் வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதினாறு வருடங்களாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன். "போய் என்னன்னு கேட்டுட்டு வாங்க. பயப்படாதீங்க. ஏதாவது ஆச்சுன்னா எனக்குப் போன் பண்ணுங்க."

சிதம்பரத்தில் வக்கீல் தொழில் செய்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் கடலூர் கோர்ட்டுக்கும் போவேன். கறுப்புக் கோட்டைக் கையில் மடித்து வைத்திருந்தாலே போதும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேச ஆரம்பித்துவிடுவார். ரேஷன் கடை வரிசையில் கேட்டிருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றும்போது கேட்டிருக்கிறார்கள். "மேடம், ஒரு சின்ன டவுட்டு." தனக்காகக் கேட்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை. மச்சானுக்கு, மச்சானுடைய கூட்டாளிக்கு, தெரிந்த ஒருத்தருக்கு. "ஜாமீன்ல வந்துட்டா கேஸு முடிஞ்ச மாதிரிதானே?" "பொழுது சாஞ்சப்புறம் பொம்பளையக் கைது பண்ணக் கூடாதாமே, நெசமா?" "வெள்ளத்தாள்ல கையெழுத்து வாங்கிட்டாங்க, இப்ப என்னா பண்றது?" எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்வேன். அந்தப் போன் கேள்விக்கு மட்டும் பாதிதான் சொல்வேன்.

அது பொய் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த முழு உண்மையும் இல்லை. சட்டப்படி கேள் என்று ஒருவரை அனுப்பிவிட்டால், நாளைக்கு இன்னொரு கட்சிக்காரருக்காக அதே ஸ்டேஷன் வாசலில் நான்தான் போய் நிற்க வேண்டும். "வாங்க மேடம், சட்டம் படிச்ச மேடம்" என்பார்கள். நாற்காலி போடமாட்டார்கள். அதை நினைத்துத்தான் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். இதை இப்போது எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பழக்கத்தை உடைத்தவர் குமராட்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் மினிபஸ்ஸில் வந்து சிதம்பரத்தில் மூன்று வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்த ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். என் போனில் இன்றைக்கும் அவர் எண் 'குமராட்சி' என்றுதான் பதிவாகியிருக்கிறது. அதனால் இங்கேயும் குமராட்சிக்காரர் என்றே சொல்கிறேன்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு வந்தார். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் ஆபீஸ். கையில் ஒயர்கூடை, அதில் கத்திரிக்காயும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும். வேலைக்கு வந்தவர் வழியில் திரும்பி என்னிடம் வந்திருக்கிறார் என்று தெரிந்தது. ஜீவனாம்ச வழக்கு ஒன்றில் நான் ஆஜரான பெண் அவருக்குச் சொந்தக்காரராம், அவர்தான் அனுப்பியிருந்தார்.

விஷயம் இதுதான். அவர் எட்டு வருடமாகச் சமைக்கிற ஒரு மாடி வீட்டில் வீட்டுக்காரம்மாவின் தங்கச் சங்கிலி காணாமல் போயிருந்தது. குளிக்கும்போது கழற்றி மாடி பாத்ரூம் அலமாரியில் வைத்தாராம், திரும்பிப் பார்த்தால் இல்லையாம். அன்றைக்கு அந்த வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் பார்க்க ஆள் வந்திருக்கிறார். பண்ருட்டியிலிருந்து உறவுக்காரர்கள் பலாப்பழத்தோடு வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனால் ஸ்டேஷனில் கொடுத்த மனுவில் ஒரே ஒரு பெயர்தான், சமையல்காரர் பெயர். முந்தைய நாள் சாயங்காலம் ஒரு போலீஸ்காரர் போனில் கூப்பிட்டு, "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வந்துடு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் என் வழக்கமான பதிலை ஆரம்பித்தேன். "போய் என்னன்னு கேட்டுட்டு வாங்கம்மா..."

அவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். "மேடம், போவலாமான்னு நான் கேக்கல. போவணுமான்னு கேக்குறேன்."

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"போவலாம்னா எனக்கே தெரியும்," என்றார். "பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்தா பத்து நிமிசம். போவலன்னா தப்பா? அத மட்டும் சொல்லுங்க. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

இத்தனை வருடத்தில் என்னை யாரும் இப்படி மடக்கியதில்லை. நான் சொன்னேன். "தப்பு இல்ல."

"வெளக்கமா சொல்லுங்க."

சொன்னேன். சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால் போலீஸ் எழுத்தில் கூப்பிட வேண்டும். அதிலும் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்கள் குடியிருக்கிற இடத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும். உங்கள் மேல் குற்றம் என்று வழக்குப் பதிந்திருந்தால் அது வேறு. அப்போதும் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் வந்துவிட்டால் போயே ஆக வேண்டும், அதைத் தட்டக் கூடாது. இப்போது உங்கள் கையில் இருப்பது வெறும் போன். புதுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, விஷயம் மாறவில்லை.

அவர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, "ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. எனக்குப் புரியிற தமிழ்ல," என்றார். அரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். கூடையைக் கீழே வைத்தார். போனை எடுத்து, முந்தைய நாள் வந்த எண்ணுக்கு என் மேஜை முன்னால் உட்கார்ந்தபடியே கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், நேத்து கூப்டீங்கள்ல. சங்கிலி விசயம்."

"வந்துட்டியா? வாசல்ல உக்காரு, ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு."

"வரல சார். ஒண்ணு கேக்கணும். நான் சாட்சியா, குத்தவாளியா?"

"என்னா கேட்ட?"

"என்மேல கேஸு பதிஞ்சிருக்கா சார்? பதிஞ்சிருந்தா நம்பர் சொல்லுங்க, நோட்டீஸு குடுங்க, வாங்கிட்டு நேரா வந்துடுறேன். பதியலன்னா எங்க வூட்டுக்கு வந்து கேளுங்க. பொம்பளைய வூட்டுல வச்சித்தான் விசாரிக்கணும்."

"ஏய், யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு இதெல்லாம்? வக்கீல் யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். என் கை தானாக எழுந்து, வேண்டாம் என்று ஆடியது. என் பெயரைச் சொல்லாதே என்று ஆடியது. அதை அவர் கவனித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"சட்டத்துல இருக்கு சார்," என்றார். "வூட்டு அட்ரஸ் மனுவுல இருக்கும். பகல்ல வாங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

போனை வைத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஃபீஸு?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் கை ஆட்டலுக்குப் பிறகு அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கீரைக்கட்டை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் கடலூர் கோர்ட்டில் இருந்தபோது என் சீனியர் கூப்பிட்டார். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர், அப்போதும் மாதம் இரண்டு மூன்று வழக்குகளை எனக்கு அனுப்புகிறவர். காண்டீனில் எதிரே உட்கார வைத்து டீ சொன்னார்.

"சிதம்பரத்துல ஒரு சமையல்காரப் பொம்பளைக்கு நீ யோசனை சொன்னியாமே?"

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. சமையல்காரரை என்னிடம் அனுப்பிய அந்தச் சொந்தக்காரப் பெண்ணின் ஜீவனாம்ச வழக்கை எனக்கு அனுப்பியதே அவர்தான், கணக்குப் போட்டிருப்பார்.

"அந்த வீட்டுக்காரர் நமக்கு வேண்டியவரும்மா. அந்தப் பொம்பளையப் போய் அரை மணி நேரம் உக்காந்துட்டு வரச் சொல்லு. அடிக்கவா போறாங்க? ரெண்டு கேள்வி கேட்டு அனுப்பிடுவாங்க. எதுக்கு இதைப் பெருசு பண்ற?"

"அரை மணி நேரம்தான்னா போலீஸே அந்தம்மா வீட்டுக்குப் போய் கேட்கலாமே சார்," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, அவரிடம் நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் டீயைக் குடித்து முடித்தார். "நீ தொழில் பண்ணணும்ல?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அடுத்த மாதத்திலிருந்து அவரிடமிருந்து வழக்கு எதுவும் வரவில்லை.

இதற்கிடையில், அந்த வாரத்திலேயே, குமராட்சிக்காரருக்கு அந்த வீட்டு வேலை மட்டுமல்ல, மற்ற இரண்டு வீட்டு வேலையும் போய்விட்டது. ஒரு வீட்டில் "பிரச்சினை முடிஞ்சதும் வா" என்றார்களாம். இன்னொரு வீட்டில் கதவையே திறக்கவில்லையாம். இதை அவர் சொல்லவில்லை. அவருடைய கணவர் வந்து சொன்னார். கட்டட வேலை செய்கிறவர், சட்டைக் காலரில் சிமெண்ட் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்கதான் மேடம் கெடுத்துட்டீங்க. போயிட்டு வந்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இப்ப ஊரே பேசுது. ஸ்டேஷனுக்குப் போவாம ஒளிஞ்சிக்கிட்டான்னு பேசுது."

அது வெறும் கோபம் இல்லை என்று கொஞ்ச நேரத்தில் புரிந்தது. கேட்க வந்த கேள்வி ஒன்று அதற்குள் இருந்தது. கடைசியில் கேட்டார். "எம் பொண்ணு போலீஸு பரீச்சைக்குப் படிக்குது மேடம். காலையில எந்திரிச்சு ஓடுது, நீளம் தாண்டுது. அம்மா மேல திருட்டுக் கேஸு இருந்தா அதுக்கு வேலை கெடைக்காதுல்ல?"

"அம்மா மேல கேஸ் இருந்தா பொண்ணுக்கு வேலை இல்லைன்னு சட்டத்துல எங்கயும் இல்லை. பொண்ணு மேல கேஸ் இருக்கான்னுதான் பார்ப்பாங்க."

"நெசமா?"

"நெசமா."

அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். "அப்ப அவ சொல்றதுதான் சரிங்கிறீங்களா?" என்றார். "அவ சொல்றா, தானா நடந்து போய் அந்த வாசல்ல உக்காந்தா, பாக்குறவன் எல்லாம் இவதான் எடுத்தான்னு முடிவு பண்ணிடுவான்னு சொல்றா."

"சரியாத்தான் சொல்றாங்க," என்றேன்.

ஒரு வாரம் கழித்து, பகல் இரண்டு மணி இருக்கும், குமராட்சிக்காரர் கூப்பிட்டார். "மேடம், வராங்களாம். மூணு மணிக்கு. ஏட்டு இப்பதான் போன் பண்ணுனாரு. நீங்க வரணும்னு இல்ல. தகவலுக்குச் சொன்னேன்."

வரணும்னு இல்ல என்று அவர் சொன்னது எனக்கு உறைத்தது. அன்று என் கை ஆடியதை அவர் மறக்கவில்லை. ஒருவேளை எனக்கு வழிவிடுகிறாரோ என்றும் தோன்றியது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

நடவு முடிந்து வயல்கள் பச்சையாக இருந்தன. ரோட்டில் மினிபஸ் எனக்கு முன்னால் நின்று நின்று போனது. அவர் தெரு வாய்க்காலை ஒட்டி இருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீர் அதிகமானால் முதலில் நனைகிற தெரு. வீட்டுச் சுவர்களில் முழங்கால் உயரத்துக்குப் பழைய வெள்ளத்தின் கறை. அவர் வீட்டு வாசலில், தெருவிலேயே, பூவரச மரத்து நிழலில் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியவை, ஒவ்வொன்றும் ஒரு நிறம். குளித்து, துவைத்த சேலை கட்டி, தலையை வாரி முடிந்திருந்தார். தெருவில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டரும், ஒரு பெண் காவலரும், ஏட்டும் இறங்கினார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னைக் கோர்ட்டில் பார்த்திருக்கிறார்.

"மேடம், நீங்களா?" என்றார். "நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஆமா சார். நாந்தான் சொல்லிக் குடுத்தேன்," என்றேன். குமராட்சிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் துண்டால் துடைத்து சப்-இன்ஸ்பெக்டருக்கு நகர்த்தினார்.

"உள்ள உக்காந்து பேசலாம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும் சார். ஊருக்குள்ள பேரு வந்தாச்சு. நான் என்னா சொல்றேன்னும் ஊரு கேக்கட்டும். இங்கயே கேளுங்க."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண் காவலர் அட்டையில் தாளை வைத்து எழுதத் தயாரானார். எத்தனை மணிக்கு வேலைக்குப் போனாய், யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினாய். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். அன்றைக்கு எத்தனை பேருக்குச் சமைத்தார், என்ன குழம்பு, பலாப்பழத்தை யார் அறுத்தது என்பது வரைக்கும் சொன்னார்.

"மாடி பாத்ரூமுக்கு எத்தனை மணிக்குப் போன?"

"போவல சார்."

"அன்னிக்குப் போவலையா?"

"என்னிக்குமே போனதில்ல. எட்டு வருசத்துல ஒரு தடவ கூட மாடிப்படி ஏறுனதில்ல சார். எனக்குக் கொல்லைப்பக்கம் தனியா ஒரு கக்கூஸு. மொத நாளே சொல்லிட்டாங்க, மேல எல்லாம் நீ வரக் கூடாதுன்னு. மேல காப்பி வேணும்னா படிக்குக் கீழ ஸ்டூல்ல வைப்பேன். அவுங்க எறங்கி வந்து எடுத்துக்குவாங்க. டம்ளரையும் அங்கயேதான் திருப்பி வைப்பாங்க. எனக்குத் தனி டம்ளரு, அது வேற எடத்துல."

பெண் காவலர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கால வைக்கக் கூடாதுன்னு வச்சிருந்த எடத்துல சங்கிலி காணலன்னா, காலே வைக்காதவள எப்படி சார் கேப்பாங்க?" என்றார் குமராட்சிக்காரர். குரல் உயரவில்லை. "வீட்டுக்காரம்மாவக் கேளுங்க. நான் மேல வருவேன்னு அவுங்க சொல்லட்டும். சொன்னா, எட்டு வருசமா நாங்க அவள எல்லா எடத்துக்கும் வுட்டோம், சரிசமமா நடத்துனோம்னு அதையும் சேத்துச் சொல்லட்டும். நானும் கேட்டுக்குறேன்."

எதிர் வாசலில் நின்ற ஒரு பெண், "அப்படிக் கேளுடி!" என்று கத்தினார். ஏட்டு அவரை முறைத்தார். அவர் உள்ளே போகவில்லை.

நான் வழக்குகளில் எத்தனையோ குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன், பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு பதிலை எந்த வக்கீலும் யாருக்கும் தயார் செய்து கொடுத்திருக்க முடியாது. இதை அவர் என்னிடம் கூடச் சொல்லியிருக்கவில்லை. அவமானத்தை எடுத்து இத்தனை பேர் முன்னால் சாட்சியாக வைத்துவிட்டார்.

பெண் காவலர் எழுதி முடித்து, கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டினார்.

"படிச்சிக் காட்டுங்கம்மா மொதல்ல."

படித்தார். மாடிக்குப் போனதில்லை என்பது இருந்தது. போகக் கூடாது என்று சொல்லியிருந்தது இல்லை, ஸ்டூலும் டம்ளரும் இல்லை.

"அத வுட்டுட்டீங்களே."

"அதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் ஏட்டு. "அது வேற மேட்டரு."

"அதான் சார் மேட்டரு. எழுதுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் பெண் காவலரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் சேர்த்து எழுதினார். நான் கவனித்தேன், கட்டளை வந்த பிறகு அவர் வேகமாகவே எழுதினார், ஒரு வார்த்தையும் விடவில்லை.

குமராட்சிக்காரர் தாளை வாங்கி, எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே இருந்த வெற்று இடத்தில், பிறகு யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி, குறுக்காக ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மகளைக் கூப்பிட்டுப் போனில் படம் எடுக்கச் சொன்னார். "நகலுக்கு," என்றார். பிறகு எல்லாருக்கும் டீ வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். வாங்கிக் குடித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். மாடிக்கு வேலைக்காரர் வருவாரா என்று போலீஸ் அந்த வீட்டுக்காரம்மாவிடம் கேட்டிருக்கிறது. முதலில் வருவாள் என்றாராம். காப்பி ஸ்டூல் எதற்கு என்று கேட்டதும் பேச்சு மாறிவிட்டதாம். இரண்டு நாளில் ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன். "மேடம், மனுவ வாபஸ் வாங்கிக்குறாங்களாம். உங்க கட்சிக்காரரையும் வந்து ஒரு சமாதானக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, முடிச்சிடலாம்."

குமராட்சிக்காரரிடம் சொன்னேன்.

"சமாதானமா? நான் யாரோட சண்ட போட்டேன்?" என்றார். "அவுங்க குடுத்தாங்க, அவுங்க வாங்கிக்கட்டும். என்மேல ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அது இல்லாம எதுலயும் கையெழுத்து கெடயாது."

இந்த முறை நானே ஸ்டேஷனுக்கு நேரில் போனேன். எதிர்பார்த்த மாதிரியே நாற்காலி போடவில்லை. நின்றுகொண்டே பேசினேன். எழுத்தில் மனுக் கொடுத்தேன், பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டு வாங்கினேன். மூன்று தடவை அலைந்தேன். கடைசியில் ஒரு தாள் கிடைத்தது. மனுதாரர் திரும்பப் பெற்றுக்கொண்டதால், விசாரணையில் எதிர்மனுதாரர் மீது எதுவும் தெரியவராததால், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று இரண்டு வரி. சீல், கையெழுத்து, தேதி எல்லாம் இருந்தது. அவர் அதை ஜெராக்ஸ் கடையில் பத்துப் பிரதி எடுத்தார். மினிபஸ்ஸில் தன்னோடு வருகிறவர்களுக்குக் காட்டினார். கதவைத் திறக்காத அந்த வீட்டுக் கேட்டின் கம்பியில் ஒன்றைச் செருகிவிட்டு வந்தார்.

அடுத்த கேள்வியும் அவரிடமிருந்து வந்தது. "பொய்யா மனு குடுத்தா அவுங்க மேல கேஸு போடலாமா?"

போடலாம் என்றேன். மானநஷ்டம் என்றும் போடலாம். ஆனால் சங்கிலியை அவர்களே மறைத்துவிட்டு மனுக் கொடுத்தார்கள் என்று நம்மால் காட்ட முடியாது, நிஜமாகவே தொலைந்திருக்கலாம். வருடக்கணக்கில் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடக்க வேண்டியிருக்கும், ஜெயிப்போம் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னேன். இந்த முறை எதையும் பாதியில் நிறுத்தவில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார். "கேஸு வேணாம். ஆனா சும்மா வுடவும் முடியாது. உங்க லெட்டர்ல ஒண்ணு எழுதி அனுப்புங்க."

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். வார்த்தைகளில் பாதி அவருடையவை, நான் பிரிவு எண்களைச் சேர்த்தேன். பதினைந்து நாளில் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். பதினான்காவது நாள் பதில் வந்தது, என் சீனியரின் லெட்டர்பேடில். தன் கட்சிக்காரர் தவறான புரிதலில் அந்தப் பெயரைக் குறிப்பிட்டுவிட்டதாகவும் அதற்கு வருந்துவதாகவும் நான்கு வரி. படித்துக் காட்டினேன். "தவறான புரிதலா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்த வீட்டுக்காரம்மா நேரில் வந்து எதுவும் சொல்லவில்லை. சங்கிலி கிடைத்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குமராட்சிக்காரர் மறுபடி வீட்டுச் சமையலுக்குப் போகவில்லை. ஒரு வீட்டில் கூப்பிட்டும் போகவில்லை. இப்போது காலேஜ் பிள்ளைகள் தங்கியிருக்கிற ஒரு விடுதியில் சமையல் பொறுப்பு. சேர்கிற அன்றே எல்லா மாடிக்கும் போகலாமா என்று கேட்டுவிட்டுத்தான் சேர்ந்தாராம்.

நான் சனிக்கிழமைகளில் அந்தத் தெருவுக்குப் போகிறேன். அவர் கூப்பிட்டுத்தான் ஆரம்பித்தது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். பூவரச மரத்தடியில் அதே கலர் கலர் நாற்காலிகள். அவர்கள் கேட்கிற கேள்விகள் பஸ்ஸில் என்னிடம் கேட்கப்படுகிற கேள்விகள் மாதிரி இல்லை. "வேலை முடிஞ்சி கெளம்பும்போது என் பையத் தொறந்து பாக்குறாங்களே, பாக்கலாமா?" "என் போனைப் புடுங்கி மெசேஜ் பாத்தாங்க, அதுக்கு அவுங்களுக்கு உரிமை இருக்கா?" "முட்டி போட வச்சாங்க மேடம் ஒரு நாளு. அது கேஸு ஆவுமா?" பதில் தெரியாவிட்டால் தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்கிறேன். தெரிந்ததை முழுசாகச் சொல்கிறேன். அந்தப் போன் கேள்விக்கான பதிலை ஒரு பக்கத்தில் டைப் அடித்துக் கொண்டுபோய் ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அதன் அடியில் என் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன.

போன மாதம் அந்த சப்-இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். இப்போது பக்கத்திலேயே இன்னொரு ஸ்டேஷனுக்கு மாறிவிட்டார்.

"மேடம், உங்க குமராட்சிப் பக்கத்து ஆளுங்க ரொம்ப ஜாஸ்தியாப் பண்றாங்க. எதுக்குக் கூப்டாலும் நோட்டீஸ் குடு, நோட்டீஸ் குடுன்னு கேக்குறாங்க."

"குடுங்க சார்," என்றேன். "கேட்டா குடுக்கத்தானே ஃபார்ம் அடிச்சு வச்சிருக்கீங்க?"